கெட்சப் ஊற்றியவரா பாரம்பரியத்தின் தந்தை?

வாணலி:
நேற்று சிங்கை சேகர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "சமையல்காரர் சென் கென்மின் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துப் பாரம்பரியச் சமையலை அப்படியே ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்" என்கிறார். அப்படியேவா? ஜப்பானியர் 'எபி சிரி' என்று உருகி உருகிச் சாப்பிடும் மிளகாய் இறால் சென்னின் கைவண்ணம்தான். அதில் தக்காளி கெட்சப் ஊற்றியது யார்? அவரேதான். சிச்சுவானில் எந்தப் பாட்டி இறாலுக்குக் கெட்சப் ஊற்றினாள்?

சிங்கை சேகர்:
ஐயா, ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையையே கவிழ்க்காதீர்கள். சிச்சுவானில் பிறந்தவர், 1952இல் ஜப்பான் வந்தார், 1958இல் டோக்கியோவில் 'ஷிசென் ஹான்டென்' உணவகத்தைத் திறந்தார். அன்றைய ஜப்பானியருக்கு அந்தக் காரம் பழக்கமில்லை. அவரைக்கொட்டையும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் டோபான்ஜியாங் விழுது அங்கே கிடைப்பதே கஷ்டம். அவர் என்னதான் செய்வார்?

வாணலி:
காரத்தைக் குறைத்தார், சரி. கிடைக்காததை விட்டார், அதுவும் சரி. கெட்சப்பை ஏன் சேர்த்தார்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

உமா:
ஆறு வருடம் ஜப்பானில் குடித்தனம் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன். மாபோ தோஃபு என்கிற காரமான சிச்சுவான் சோயாக்கட்டிக் குழம்பு அங்கே வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது. அதை என்எச்கே தொலைக்காட்சியில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிக்கொடுத்தவர்களில் சென் கென்மின் முக்கியமானவர். தொழில் ரகசியம் என்று பூட்டிவைக்கிற ஆட்கள் நடுவே இது சின்ன விஷயமா? ஆனால் டான்டான் நூடுல்ஸ் விஷயத்தில் வாணலி பக்கம் நியாயம் இருக்கிறது. தோளில் தண்டு போட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற பண்டம் அது. சிச்சுவானில் சூப் இல்லாமல், கிளறித்தான் சாப்பிடுவார்கள். ஜப்பானில் கிண்ணம் நிறைய சூப் ஊற்றித் தருகிறார்கள். அதுவும் சென் செய்த மாற்றம்தான்.

வாணலி:
பார்த்தீர்களா! உமா அக்காவே ஒத்துக்கொண்டார். அங்கே சூப், இங்கே கெட்சப்.

உமா:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சூப் வேறு, கெட்சப் வேறு.

மதுரைக்காரன்:
பாரம்பரியம் பாரம்பரியம் என்று கத்துகிறவர்களுக்கு ஒன்று. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்குப் போனதுதான். அது வருவதற்கு முன் சிச்சுவான்காரன் பட்டினியா கிடந்தான்? மிளகாய் உள்ளே வரலாம், தக்காளி வந்தால் மட்டும் தீட்டா?

வாணலி:
தம்பி, மிளகாய் ஊருக்குள் வந்து பல தலைமுறை ஆயிற்று. கெட்சப் ஒரே ஆள், ஒரே சமையலறை. இரண்டும் ஒன்றா? சீரகச் சம்பா தகராறிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். நான் மறக்கவில்லை.

மதுரைக்காரன்:
பிரியாணியை இங்கே இழுக்க வேண்டாம். அன்று பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்.

வாணலி:
ஓடவில்லை, வெளியூரில் இருந்தேன். உங்கள் பாசுமதிக்கு இன்றும் என்னிடம் பதில் இருக்கிறது.

உமா:
கெட்சப் என்ற சொல்லே மீன் சாறுக்கான ஹொக்கியன் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அது சீனாவுக்கே திரும்பி வந்ததுதானே?

வாணலி:
ஹொக்கியன் ஃபூஜியான் கடற்கரைப் பேச்சு. சிச்சுவானோ கடலே பார்க்காத உள்நாடு. பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, பாட்டிலில் இருப்பது இனிப்புத் தக்காளி. அக்கா, ஆறு வருடம் இருந்தீர்களே, அந்தக் கெட்சப் இறாலை ஒருநாளாவது சிச்சுவானின் தலைநகரான செங்டூக்காரர் ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா?

உமா:
நீங்கள் செங்டூ போயிருக்கிறீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

சிங்கை சேகர்:
அவர் சொல்ல மாட்டார். நான் ஒன்று சொல்கிறேன். சென்னின் மகன் கெனிச்சி 1993இல் தொடங்கிய 'அயர்ன் செஃப்' என்ற ஜப்பானியத் தொலைக்காட்சிச் சமையல் போட்டி நிகழ்ச்சியில் கடைசிவரை நின்றவர். பேரன் கென்டாரோ 2014இல் எங்கள் சிங்கப்பூரில் அதே பெயரில் உணவகம் திறந்தார். 2016இல் அதற்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷெலின் நட்சத்திரம் இரண்டு. மூன்று தலைமுறை அடுப்பில் நின்ற குடும்பம். ஜப்பானியரே கென்மினைச் 'சிச்சுவான் சமையலின் தந்தை' என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

வாணலி:
நட்சத்திரம் பேரனுக்கு. என் கேள்வி தாத்தாவின் கெட்சப்பைப் பற்றி. ஜப்பானியர் சாப்பிட்டதே அவர் கொடுத்ததைத்தான், அவரைத் தந்தை என்று அவர்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அவர் பெரிய சமையல்காரர். உழைப்பாளி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'அப்படியே' என்று எழுதினீர்களே சேகர், அந்த ஒரு சொல்லை எடுங்கள்.

சிங்கை சேகர்:
எடுக்க மாட்டேன். மண்ணும் தண்ணீரும் மாறினாலும் கைப்பக்குவம் மாறாது. நான் 'அப்படியே' என்றது அதைத்தான்.

மதுரைக்காரன்:
சரி, பாசுமதிக்குப் பதில் இருக்கிறது என்றீர்களே, எங்கே அது?

வாணலி:
தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். அதுவரை இங்கே கேட்டதையே மறுபடி கேட்கிறேன்: சிச்சுவானில் எந்தப் பாட்டி இறாலுக்குக் கெட்சப் ஊற்றினாள்?