தடையைப் பார்த்தாலே பாயும் குதிரை: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். என் குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்). மைதானத்தில் கம்பங்களைப் பொறுமையாகத் தாண்டுவான். கிராஸ் கன்ட்ரி, அதாவது திறந்தவெளியில் அசையாத தடைகளைத் தாண்டி ஓடுவது என்றால் ஆளே மாறிவிடுகிறான்: மரக்கட்டைத் தடை கண்ணில் பட்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகம். 80 சென்டிமீட்டர் உயரம்தான். ஆனால் அந்தத் தடைகள் இடித்தால் விழாதே, அதுதான் பயம்.

பல், முதுகு, சேணம் எல்லாம் காட்டியாயிற்று, வலி இல்லை. ஓட்ஸையும் குறைத்தோம். இப்போது டிராட்டில் (மெதுவோட்டத்தில்) கொண்டுபோய், தடைக்கு முன் வட்டமடித்து, அவன் தணிந்த பிறகே தாண்டவிடுகிறேன். தனியாக இருந்தால் பலிக்கிறது. முன்னால் வேறு குதிரை ஓடினால் போச்சு!

கடுமையான கடிவாளம் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை, அவன் வாய் அவ்வளவு மென்மை. சாதாரண ஸ்னாஃபிளிலேயே (வாய்க்கு மென்மையான எளிய கடிவாளம்) இப்படிப்பட்ட குதிரையைப் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? மற்ற குதிரைகளோடு போகும்போது எப்படிச் சமாளித்தீர்கள்?