ஒருதலைக் காதலும் பிரிவும்: அந்த நாட்களில் நீங்கள் கேட்ட பாட்டு எது?

ரங்கூன், தாமுவே (தொடங்கி வைப்பவர்)

பர்மாவில் நம் ஆட்கள் கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு போடுவோம். காதல் முறிந்தபோது என்ன பாட்டு கேட்டோம் என்பதை மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் எந்தப் பையன், எந்தப் பெண், யார் வீட்டுப் பிள்ளை, தமிழா பர்மாவா என்று கேள்வி நீளும். அதனால் இங்கே பேர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். எந்தப் பாட்டு, எந்தச் சமயத்தில், அது உங்களுக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். 1986இல் வந்த 'மௌன ராகம்' படத்தின் 'மன்றம் வந்த தென்றலுக்கு'. வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. கல்யாணம் ஆன பிறகும் மனைவியின் மனசு தன் பக்கம் திரும்பவில்லையே என்று ஒரு கணவன் பாடுகிற பாட்டு. என் விஷயம் வேறு. நான் விரும்பியவர் என்னை நல்ல தோழியாக மட்டும்தான் பார்த்தார். தன் கல்யாணப் பத்திரிகையை அவரே வீட்டுக்கு வந்து கொடுத்தார். அன்று இரவு மின்சாரம் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் இந்தப் பாட்டைத்தான் கேட்டேன். பெரும்பாலும் கேள்விகளாலேயே ஆன பாட்டு அது. திட்டு கிடையாது, சாபம் கிடையாது. எவ்வளவு வலித்தாலும் எதிரில் இருப்பவரின் மரியாதையைக் குறைக்காமல் கேட்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பாட்டுதான். கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சரி, இனி நீங்கள்.

பெகு

அக்கா, இது என் கதை இல்லை, தாத்தாவின் கதை. உயிரோடு இருந்தபோது அவரே என்னிடம் சொன்னது.

தாத்தா ரங்கூனில் மொகல் தெருப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். முதலாளியின் தூரத்து உறவில் ஒரு பெண். இரண்டு வீட்டிலும் பாதி சம்மதம் ஆகியிருந்தது. 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் இருந்ததும் போயிற்று. பெண் வீட்டார் மெட்ராஸ் கப்பலுக்குப் பதிந்துகொண்டார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி பர்மாக்காரி, அவரை விட்டுவிட்டுத் தாத்தாவால் போக முடியவில்லை. பணம், நகை எதையும் கொண்டுபோக விடாமல் சோதனை போட்டுத்தான் கப்பலில் ஏற்றினார்கள். தாத்தா துறைமுகத்தின் வெளிவாசல் வரைக்கும்தான் போக முடிந்தது.

அவருடைய பாட்டு 'எங்கிருந்தாலும் வாழ்க'. 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1962, ஸ்ரீதர் படம். கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் ஏ.எல். ராகவன் பாடினார். குறும்புப் பாட்டுகளுக்குப் பேர்போன ராகவன் குரலில் இப்படியொரு பாட்டு வந்ததைத் தாத்தா கடைசிவரை சொல்லிச் சொல்லி வியப்பார். படத்தில் பழைய காதலியின் கணவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பாடுவது. தாத்தா அந்தப் படத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் பார்த்தார். பாட்டு மட்டும் வானொலியில் இரைச்சலுக்கு நடுவே வந்து சேர்ந்திருந்தது.

பல வருஷம் கழித்து, அந்தக் குடும்பம் மெட்ராஸ் பர்மா பஜாரில் கடை போட்டிருப்பதாக ஒரு கடிதம் வந்தது. தாத்தா அதைப் பாட்டிக்கும் படித்துக் காட்டினாராம். தையல் மெஷினில் உட்கார்ந்தால் இந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். பாட்டி ஒருநாளும் தடுத்ததில்லை. என் பாட்டியின் மனசு அந்தப் பாட்டைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்.

இன்செயின்

தம்பி, படித்ததும் அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கூடவே பாடினார். எங்கள் பெரியம்மா குடும்பமும் அந்தக் கப்பல்களில் போனதுதான்.

மோல்மீன்

இளையவர்கள் எழுதும்போது நான் சும்மா இருந்தால் நன்றாயிருக்காது. எனக்கு 'ஒருதலை ராகம்'. 1980. பாட்டும் மெட்டும் டி. ராஜேந்தர். அந்தக் கேசட் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அது எத்தனையாவது பிரதியோ, குரலுக்குப் பின்னால் புஸ் என்று காற்றுச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சுருங்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிச் சரிசெய்வோம்.

அப்போது தான்லுவின் ஆற்றுக்கு மேல் பாலம் கிடையாது, அது 2005இல்தான் திறந்தது. ரங்கூனிலிருந்து வருகிற ரயில் மார்த்தபானோடு நின்றுவிடும். இறங்கிப் படகுக்கு நிற்க வேண்டும். அந்தப் படகில் தினமும் என்னோடு வந்த ஒரு பெண்ணிடம் நான் பேசியதே இல்லை. அவருக்கு என்னைத் தெரியும், சிரிப்பார். அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் தாலியோடு வந்தார். அப்போதும் அதே மாதிரிதான் சிரித்தார்.

'இது குழந்தை பாடும் தாலாட்டு' எஸ்.பி.பி. பாடியது. கவனித்துக் கேளுங்கள், வரிக்கு வரி நடக்க முடியாத ஒன்றையே சொல்லிக்கொண்டு போகும். எதுவும் இல்லாத இடத்தில் ஒருவன் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறான் என்பதை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை. அந்தப் படத்துப் பாட்டுகளில் பெண்குரலே வராது. ஒருதலைக் காதல் அப்படித்தானே, பதில் சொல்ல மறுபக்கத்தில் குரல் இருக்காது. அதே படத்தில் டி.எம்.எஸ். பாடிய 'நானொரு ராசியில்லா ராஜா'வும் உண்டு. அதைக் கேட்டால் எனக்கு என் மேலேயே பரிதாபம் கூடிப்போகும், அதனால் நான் எப்போதும் தாலாட்டுக்கே திரும்பிவிடுவேன்.

2020 செப்டம்பர் 25ஆம் தேதி எஸ்.பி.பி. போன செய்தி வந்தது. கொரோனா நேரம், வெளியே போக முடியாது. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டிலிருந்து வேறு வேறு பாட்டுகள் ஒரே நேரத்தில் கேட்டன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தட்டோன்

நான் இரண்டு பேரப்பிள்ளை எடுத்தவள். ஆண்பிள்ளைகள் எழுதுவதைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

என் காலத்தில் பெண்ணுக்குக் காதல் இருந்தது என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பிறகு தோல்வி எங்கே? அவர் பர்மாக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததும் ஒரு மாசத்துக்குள் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும்.

'நினைக்கத் தெரிந்த மனமே, உனக்கு மறக்கத் தெரியாதா'. 'ஆனந்த ஜோதி', 1963, பி. சுசீலா. கோயில் திருவிழாவில் ராத்திரி பாட்டுக் கச்சேரி நடக்கும். கல்யாணமான மறுவருஷம் என்னைப் பாடச் சொன்னார்கள். ஆயிரம் பேருக்கு நடுவில் நின்று இதைப் பாடினேன். எல்லாரும் பழைய பாட்டு, இனிமையான பாட்டு என்று கைதட்டினார்கள். என் தங்கச்சி மட்டும் அழுதாள். சொல்ல முடியாததைச் சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் தெரியாமலும் போயிற்று. அதற்குப் பிறகு என் நெஞ்சில் பாரம் பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளே, பாட்டு கேட்பது ஒன்று, வாய்விட்டுப் பாடுவது வேறு. முடிந்தால் பாடுங்கள்.

ரங்கூன், தாக்கேட்டா

பாட்டி, உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நான் சொல்ல வந்தது கொஞ்சம் கோபமான விஷயம். இப்போது என் வயசுப் பையன்கள் காதல் தோல்வி என்று போடும் பாட்டுகளில் பாதிக்கு மேல் பெண்ணைத் திட்டுவதுதான். அவள் ஏமாற்றினாள், அவளை நம்பாதே, குடி, மறந்துவிடு. ஒரு பையனுக்கு முடியாது என்று நான் பக்குவமாகத்தான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் அந்த மாதிரிப் பாட்டுகள் சத்தமாக ஓடின. எங்கள் அண்ணன் போய்ப் பேச வேண்டி வந்தது. 'எங்கிருந்தாலும் வாழ்க' என்று அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே பாடியிருக்கிறார்கள். அந்தப் பண்பை நாம் எங்கே விட்டோம்? தயவுசெய்து, எந்தப் பாட்டைப் போடுவது என்று யோசிக்கும்போது அது யார் காதில் விழும் என்றும் யோசியுங்கள்.

கெம்மண்டைன்

தங்கச்சி சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். என் தம்பி ஒரே பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. போனைப் பிடுங்கலாம் என்று அப்பா சொன்னார். அம்மா வேண்டாம் என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு காது கொடுடா" என்று இயர்போனில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். தாயும் மகனும் சேர்ந்து கேட்டார்கள். பாட்டு முடிந்ததும், "யார் எழுதினது? நல்லா எழுதியிருக்கான்" என்றார். தம்பி வாய்திறந்து பேசினது அப்போதுதான். பேச்சு அந்தப் பெண்ணிடம் வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது, ஆனால் வந்தது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி அறைக்குள் முடங்கினால் பாட்டை நிறுத்தாதீர்கள், கூட உட்காருங்கள். சாப்பாடும் தூக்கமும் பல நாள் கெட்டுப்போனால் டாக்டரிடம் அழைத்துப் போக வெட்கப்படவும் வேண்டாம்.

கோலாலம்பூர் (சொந்த ஊர் பெகு)

பெகுவிலிருந்து தாத்தா கதை எழுதிய தம்பிக்கு நம்ம ஊர் வணக்கம்.

2024 பிப்ரவரியில் பர்மாவில் கட்டாய ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது. பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயசு வரை ஆண்கள் எல்லாரும் அதற்குள் வருகிறோம். வீட்டில் என்னை இங்கே அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கே. இரண்டு பேருக்கும் சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. நெட் வராது, கரண்ட் இருக்காது, நான் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். "எப்போது வருவாய்" என்று அவள் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது. கடைசியில் அவளே, "காத்திருன்னு நீயும் சொல்லாதே, காத்திருக்கேன்னு நானும் சொல்லலை" என்றாள்.

'7ஜி ரெயின்போ காலனி', 2004. 'நினைத்து நினைத்து பார்த்தேன்'. யுவன் இசை, நா. முத்துக்குமார் வரிகள். கே.கே. பாடியது ஒன்று, ஸ்ரேயா கோஷல் பாடியது ஒன்று, இரண்டும் உண்டு. நான் கே.கே.யைக் கேட்பேன். அவள் ஸ்ரேயாவைக் கேட்பதாக அவள் தோழி சொன்னாள். நா. முத்துக்குமார் 2016இலும் கே.கே. 2022இலும் போய்விட்டார்கள். எழுதினவரும் இல்லை, பாடினவரும் இல்லை, பாட்டு இங்கே ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற என்னோடு இருக்கிறது.

பிரிவுக்கு யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் சுலபமாக இருக்கும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

ரங்கூன், பசுந்தாங்

அண்ணா, பத்திரமாக இருங்கள். அக்காவும் பத்திரமாக இருக்கட்டும்.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்கத் தெரியாது. இதையே நான் சொல்லச் சொல்லத் தோழிதான் தட்டச்சு செய்கிறாள். பிடித்த பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ழகரத்துக்கு அதில் எழுத்தே இல்லை, ஒரு புள்ளி போட்டு ஞாபகம் வைத்துக்கொள்வேன். எனக்கு ஒரு ஆறுதல் என்னவென்றால் பி. சுசீலாவுக்கும் எஸ்.பி.பி.க்கும் தாய்மொழி தெலுங்கு. ஸ்ரேயா கோஷல் வங்காளி. நம் துக்கத்தை நமக்குப் பாடிக் கொடுத்தவர்களில் பலருக்குத் தமிழ் வீட்டு மொழி இல்லை. அப்படியென்றால் எனக்கும் அதில் உரிமை உண்டு.

என் பிரிவின்போது கூட இருந்தவள் பர்மாத் தோழி. அவள் எனக்கு சாய் தீ சைங் பாட்டுகளைப் போட்டுக் காட்டினாள். ஷான் இனப் பாடகர், 2008இல் காலமானவர். அவருடைய பாட்டுகளில் பலதை எழுதிய சாய் கம் லேய்க் ஒரு டாக்டர். நான் அவளுக்கு 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாடினேன். அர்த்தம் தெரியாமலே கிதாரில் மெட்டைப் பிடித்துவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து மாறி மாறிப் பாடினோம், கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

ரங்கூன், தாமுவே

என் பாட்டு பசுந்தாங் வரைக்கும் போயிருக்கிறது! எல்லாருக்கும் நன்றி. தட்டோன் அம்மா சொன்னதுதான் மனசில் நிற்கிறது. ஆண்குரல் பாட்டுகள் நிறைய வந்துவிட்டன. எண்பதிலிருந்து வந்த படங்களில் பெண்குரலில் உங்களைத் தாங்கியது எது? அதை எழுதுங்கள்.

முடோன்

அக்கா, 'ஜானி', 1980. 'காற்றில் எந்தன் கீதம்'. கங்கை அமரன் எழுத்து, இளையராஜா இசை, எஸ். ஜானகி. கொட்டும் மழையில், வருவானா என்று தெரியாத ஒருவனுக்காக ஒரு பாடகி மேடையில் நின்று பாடுவது. எங்கள் பக்கம் மழைக்காலம் வந்தால் வெளியே போகவே முடியாது, ரப்பர் வெட்டுக்கும் ஆள் போக மாட்டார்கள். மூன்று வருஷம் பழகியவர் இனி வரமாட்டார் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினது அப்படியொரு மழையில்தான். ஜானகி அம்மா குரலில் கெஞ்சல் இல்லை, அழைப்பு மட்டும்தான் இருக்கிறது. வராதவனுக்காகப் பாடினாலும் அந்தப் பெண் தன் பாட்டை முழுசாகப் பாடுகிறாள். எனக்குப் பிடித்தது அதுதான். தட்டோன் அம்மா, வரும் திருவிழாவில் நீங்கள் பாடினால் சொல்லுங்கள், நானும் என் அக்காவும் பஸ் ஏறி வந்துவிடுகிறோம்.