கண்ணாடி மணி ஆறியதும் விரிசல் விடுகிறது, வழி சொல்லுங்கள்

பெங்களூரில் ஒரு கைவினைக் கூடத்தில் இந்த மாதம்தான் டார்ச் சுடரில் கண்ணாடியை உருக்கிக் கோர்க்கும் மணி செய்யப் பழக ஆரம்பித்தேன். பெரிய மணிகள் ஆறிய பிறகு விரிசல் விடுகின்றன. சில, ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு, மேசையில் வைத்த இடத்திலேயே பிளக்கின்றன. ஆசையாகச் செய்தது, மனது கேட்கவில்லை.

எஃபெட்ரே 104 என்ற மென்கண்ணாடிக் குச்சிகள், உருகிய கண்ணாடியைச் சுற்ற 2.4 மி.மீ. எஃகுக் கம்பி, எல்பிஜி டார்ச். கூடத்தில் சூளை இல்லை. சூடாக்கிய வெர்மிகுலைட்டில் (வெப்பத்தை மெதுவாக விடும் கனிமத் துகள்) புதைத்துத்தான் ஆறவிடுகிறோம். விரிசல் எப்போதும் துளை ஓரத்தில் தொடங்கிக் குறுக்கே ஓடுகிறது. நிறங்கள் ஒட்டாததுதான் காரணமோ என்று ஒரே நிறத்தில் செய்து பார்த்தேன், அதுவும் போனது. சுடரின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி நிதானமாக ஆற்றியும் பார்த்தாயிற்று. 8 மி.மீ. மணி தப்புகிறது, 15 மி.மீ. தப்புவதில்லை. ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடித்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு (ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் தாள்கள்) நடுவே வைத்தால் துளையைச் சுற்றி வெளிச்சம் தெரிகிறது, ஆகவே உள்ளே அழுத்தம் இருக்கிறது.

தெரிந்த மண்பாண்டக் கலைஞர் ஒருவர் தன் மின்சூளையைத் தரச் சம்மதித்திருக்கிறார். இன்னும் உடையாத 15 மி.மீ. மணிகளைக் குளிர்ந்த நிலையிலிருந்து அந்த அழுத்தம் போக 515 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி இறக்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிகிரி வேகம் வைக்கலாம்?