வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: 'மெயின் சீக்வென்ஸ்' விண்மீன்

பெரம்பூர் ஆசிரியை, செவ்வாய் இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவு எங்கள் பள்ளி மொட்டைமாடியில் வானம் பார்க்கும் நிகழ்ச்சி. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். அதற்கு ஆறு பலகை எழுதுகிறேன். ஐந்து முடிந்துவிட்டது, ஆறாவதில் மாட்டிக்கொண்டேன். வெள்ளி மாலை ஆறு மணிக்குள் கோப்பு வந்தால்தான் சனி காலையில் தர முடியும் என்கிறார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்.

பலகை, கேட்டைக்கு வடக்கே இருக்கும் ஸீட்டா ஒஃபியூக்கி என்ற விண்மீன் பற்றியது. கேட்டை சிவப்பு, இது நீலம். ஒரே பக்கம் திரும்பி நின்று இரண்டையும் காட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஆங்கிலத்தில் 'ஹாட் புளூ மெயின் சீக்வென்ஸ் ஸ்டார்' என்று ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. நான் 'வெப்பமான நீல முதன்மைத் தொடர் விண்மீன்' என்று எழுதி என் மகளிடம் படித்துக் காட்டினேன். "எந்த சேனல்ல வருது?" என்று கேட்டாள்.

வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

தாம்பரம் புலவர், செவ்வாய் இரவு 10.55

அம்மா, தங்கள் மகள் கேட்டதில் பிழையில்லை. தொடர் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. சொற்றொடர், தொடர்கதை, தொடர்வண்டி எல்லாம் அப்படித்தான். வானத்து மீன்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டா நிற்கின்றன?

நம்மிடம் 'நிரை' இருக்கிறதே. நேர், நிரை என்று அசை பிரித்துப் படித்தவர்கள்தானே நாம் எல்லோரும். முதல் + நிரை = முதனிரை. அதில் இருப்பது முதனிரை மீன். சுருக்கமாக, நிரைமீன்.

வேரைச் சொல்லிவிடுகிறேன். 'நிர' என்றால் பரவு, ஒழுங்குபடு. அதிலிருந்தே நிரல், நிரை, நிரப்பு, நிரவல். இதில் ஒரு வியப்பு: 'நிரப்பு' என்பதற்கு வறுமை என்றும் பொருள் உண்டு. 'நெருப்பினுள் துஞ்சலும் ஆகும் நிரப்பினுள் யாதொன்றும் கண்பாடு அரிது' என்பது குறள். நெருப்பையும் நிரப்பையும் வள்ளுவர் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்? எதுகைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் ஐயம். அப்படியானால் நெருப்பால் ஆன மீனுக்கு நிரைமீன் என்ற பெயர் எத்தனை பொருத்தம்! நிரை என்றால் ஆநிரையும்தான். வானத்தில் மேயும் மந்தை.

நாளை விரிவாக எழுதுகிறேன்.

அம்பத்தூர் மென்பொருள்காரன், செவ்வாய் இரவு 11.20

> நாளை விரிவாக எழுதுகிறேன்

ஐயா, இதுவே விரிவாகத்தான் இருந்தது :)

நிரல் என்றால் எங்கள் ஊழியத்தில் புரோகிராம். நிரைக்கும் நிரலுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். என் ஓட்டு 'முதன்மை வரிசை'க்கு. ரேஷன் கடை வரிசை தெரியாத பிள்ளை உண்டா?

பெரம்பூர் ஆசிரியை, புதன் காலை 7.05

புலவர் ஐயா, 'நிரை'யில் இன்னொரு சிக்கல். பத்தாம் வகுப்புக் கணக்கில் அணிகள் பாடம் இருக்கிறது. அதில் நிரை என்றால் குறுக்கே போவது, நிரல் என்றால் நெடுக்கே போவது. இதைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். நான் வேறு வானத்திலும் ஒரு நிரையை வைத்தால் கணக்கு டீச்சர் என்னோடு பேச மாட்டார்.

கிண்டி பேராசிரியர், புதன் காலை 10.30

கணக்கு டீச்சர் கோபித்துக்கொள்வதும் நியாயம்தான், ஏனென்றால் இது குறுக்கேயும் போகவில்லை, நெடுக்கேயும் போகவில்லை. மூலைக்கு மூலை சாய்ந்து கிடக்கிறது.

ஹெர்ட்ஸ்பிரங் என்ற டென்மார்க்காரரும் ரஸ்ஸல் என்ற அமெரிக்கரும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே வரைந்த படம் அது. படுக்கைக் கோட்டில் வெப்பநிலை, அதுவும் தலைகீழாக: இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் குளிர்ச்சி. நெட்டுக் கோட்டில் ஒளிர்வு. விண்மீன்களை அதில் புள்ளி வைத்தால் பெரும்பாலானவை இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் ஒரு பட்டையில் விழும். அந்தப் பட்டைக்குத்தான் இந்தப் பெயர். வானத்தில் அப்படி எந்த வரிசையும் கிடையாது. வரிசை இருப்பது தாளில்.

நான் பாடம் நடத்திய காலமெல்லாம் ஒரே தவற்றைத் திருத்தியிருக்கிறேன். 'விண்மீன் நீலமாகப் பிறந்து, பட்டையில் இறங்கி, மஞ்சளாகி, சிவப்பாகி இறக்கும்' என்று எழுதுவார்கள். வரிசை என்றதும் நகரும் என்று நினைத்துவிடுகிறார்கள். தம்பி சொன்ன ரேஷன் கடை அதை இன்னும் கெடுக்கும், ஏனென்றால் அங்கே எப்படியும் நகர்ந்தாக வேண்டும். உண்மையில், பிறக்கும்போது எவ்வளவு நிறையோ, அதுதான் பட்டையில் இடத்தை முடிவு செய்கிறது. மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகிக்கொண்டிருக்கும் வரை விண்மீன் ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கும். சூரியனுக்கு அந்தக் காலம் சுமார் 1,000 கோடி ஆண்டு, அதில் 460 கோடி போய்விட்டது. சூரியனைப் போல 20 மடங்கு நிறையுள்ள ஸீட்டாவுக்கு 1 கோடி ஆண்டு தாண்டுவதே கடினம். எரிபொருள் அதிகம்தான், செலவு அதைவிடப் பல மடங்கு.

ஆகவே பெயர் நிலையைச் சொல்ல வேண்டும், வரிசையை அல்ல. 'ஹைட்ரஜன் இணைவுநிலை விண்மீன்' என்பது என் பரிந்துரை.

தாம்பரம் புலவர், புதன் பகல் 12.15

பேராசிரியர் ஐயா, விளக்கம் அருமை. ஆனால் தமிழ்ச்சொல் கேட்ட இடத்தில் ஹைட்ரஜனை உட்கார வைத்துவிட்டீர்கள். நீரகம் என்ன குறைந்துவிட்டது?

கிண்டி பேராசிரியர், புதன் பகல் 12.40

ஒன்றும் குறையவில்லை. பிள்ளைகளின் புத்தகத்தில் ஹைட்ரஜன் என்றிருக்கிறது, அவ்வளவுதான். இந்த விண்மீனின் மையத்தில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் தரகர் வேலை பார்த்துத்தான் இணைவு நடக்கிறது. அவற்றுக்கும் பெயர் மாற்றப் புறப்பட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

வளசரவாக்கம் அம்மா, புதன் மாலை 5.10

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். பௌதிகவியலில் விண்மீனுக்கு உடு என்றே எழுதினோம். இரண்டே எழுத்து. 'விண்மீன்' என்று நீட்டுவதால்தான் பலகையில் இடம் போதவில்லை. 'முதன்மை உடு' என்று விட்டால் என்ன?

அம்பத்தூர் மென்பொருள்காரன், புதன் மாலை 6.30

அக்கா, சென்னையில் 'நீல உடு' என்றால் யூனிஃபார்ம் என்றுதான் நினைப்பார்கள்.

'நீலம்'தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீலம் என்றால் குளிர்ச்சி இல்லையா? குழாயில் சிவப்பு வெந்நீர், நீலம் தண்ணீர். காஸ் அடுப்புச் சுடரைக் காட்டி நீலம்தான் அதிக சூடு என்று விளக்கிவிடலாமா?

கிண்டி பேராசிரியர், புதன் இரவு 8.50

தயவுசெய்து காஸ் அடுப்பு வேண்டாம். அந்த நீலம் சுடரில் இருக்கும் மூலக்கூறுகள் உமிழ்வது, வெப்பத்தால் வந்த நிறமல்ல. கொல்லன் உலையைச் சொல்லுங்கள். இரும்பு முதலில் செக்கச் சிவக்கும், பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. அதற்கும் மேலே சூடேற்ற முடிந்தால் நீலம் கலக்கும். உலையில் அது முடியாது, விண்மீனில் முடியும்.

கணக்கு எளிது. 2,900ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், ஒளி உச்சமாக இருக்கும் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். சூரியன் 5,800, உச்சம் 0.5, அதாவது 500 நானோமீட்டர். ஸீட்டா 30,000க்கு மேல். 32,000 என்று வைத்தால் 90 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத புற ஊதா. நமக்குத் தெரிவது அதன் வால் மட்டும். அந்த வாலில் சிவப்பைவிட நீலம் அதிகம், அதனால் நீல விண்மீன்.

ஒளிர்வையும் சொல்லிவிடுகிறேன். ஆரம் சூரியனைப் போல சுமார் 8 மடங்கு, பரப்பு 64 மடங்கு. வெப்பநிலை ஐந்தரை மடங்கு, அதை நான்கு முறை பெருக்கினால் 900க்கு மேல். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 60,000 சூரியன். இவ்வளவும் இருந்து, வானியல் மரபில் இதற்கு 'குள்ளன்' என்று பெயர். பட்டையில் இருக்கும் எல்லாமே குள்ளர்கள்தான், பட்டையை விட்டு வீங்கியவை அரக்கர்கள். இதைப் பலகையில் போடாதீர்கள்.

தாம்பரம் புலவர், புதன் இரவு 10.10

தொல்காப்பியர் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் அவை நிறத்தையும் குறிக்கும் என்றார். நிறமே நமக்கு முதலில் உணர்ச்சிதான். பிள்ளைகள் சிவப்பைச் சூடு என்பது அந்த மரபில் வந்தது. நீலத்தை வெப்பமாக்கப் பலகையில் ஒரு வரி போதாது.

நுங்கம்பாக்கம் அன்பர், வியாழன் காலை 9.00

சற்று விலகி ஒரு செய்தி. நம் நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று நாம் வைத்திருக்கும் அளவுகோலை வகுத்த போக்சன் 1861இல் வந்து இங்கேதான் பணியாற்றினார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள், ஃப்ளெக்ஸில் அடிக்க நமக்கு மூன்று நாள்.

மட்டுறுத்துநர், வியாழன் காலை 9.20

இழை நீள்கிறது. பழைய மடல்களை முழுதாக ஒட்டாமல் தேவையான வரியை மட்டும் மேற்கோள் காட்டவும். குறளை நீக்கச் சொல்லவில்லை, புலவர் ஐயா கோபிக்க வேண்டாம்.

பெரம்பூர் ஆசிரியை, வியாழன் இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. ஆனால் இன்னும் சொல் வரவில்லை! இதுவரை முதன்மைத் தொடர், முதன்மை வரிசை, முதனிரை, இணைவுநிலை, முதன்மை உடு. பேராசிரியர் சொல்வது அறிவுக்குப் புரிகிறது. ஆனால் 'ஹைட்ரஜன் இணைவுநிலை விண்மீன்' என்று போட்டால் 'தொடர்' என்று படித்த பிள்ளை இரண்டும் ஒன்று என்று எப்படிக் கண்டுபிடிக்கும்?

இடையில் இன்னொரு தலைவலி. இந்த விண்மீன் தன் இடத்தைவிட்டு வேகமாக ஓடுகிறது. ஜோடியாக இருந்த பெரிய விண்மீன் வெடித்தபோது தூக்கி எறியப்பட்டது என்கிறார்கள். அது ஓடும் திசையில், படகின் முன்னால் அலை எழுவது போல, தூசும் வாயுவும் வில்லாய் வளைந்து நிற்பதை அகச்சிவப்புப் படங்களில் பார்க்கலாம். இந்த 'ரன்அவே ஸ்டார்' என்பதற்கு என்ன போட? ஓடுகாலி என்று எழுதினால் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மாட்டார்.

தாம்பரம் புலவர், வியாழன் இரவு 8.22

ஓடுமீன்.

'ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு.'

அம்பத்தூர் மென்பொருள்காரன், வியாழன் இரவு 8.24

ஐயா!!!

வளசரவாக்கம் அம்மா, வியாழன் இரவு 8.40

உடுவை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதைப் போடுங்கோ பிள்ளை.

கிண்டி பேராசிரியர், வியாழன் இரவு 9.05

ஆட்சேபணை இல்லை. வினைத்தொகை, அதனால் ஓடிய, ஓடுகின்ற, ஓடும் மீன் என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது.

பெரம்பூர் ஆசிரியை, வெள்ளி மாலை 5.35

அனுப்பிவிட்டேன். பெரிய எழுத்தில் 'ஓடுமீன்'. கீழே: 'வெப்பமான நீல விண்மீன். மேற்பரப்பு 30,000 கெல்வினுக்கு மேல். மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகும் பருவத்தில் இருக்கிறது. இப்பருவத்தை முதன்மைத் தொடர் என்பார்கள். விண்மீன்கள் அதில் நகர்வதில்லை.' கடைசி மூன்று சொல்லும் பேராசிரியருக்காக.

'தொடர்' பிடித்ததால் போடவில்லை. கூகுளில் தேடினால் பிள்ளைகளுக்கு அதுதான் கிடைக்கும்.

தாம்பரம் புலவர், வெள்ளி மாலை 6.50

காலம் கருதி ஒப்புகிறேன். கருத்தளவில் ஒப்பவில்லை. கூகுளில் நிரையும் ஒருநாள் கிடைக்கும், யாராவது எழுதினால்.

பெரம்பூர் ஆசிரியை, ஞாயிறு காலை 8.30

நேற்று ஒன்பதரை வரை மேகம். நடுவில் ஒரு பத்து நிமிடம் விலகியது. கேட்டை சிவப்பாகத் தெரிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். ஓடுமீனும் தெரிந்தது, ஆனால் நீலமாக இல்லை, வெளிறிய புள்ளியாக. நடுவில் கிடக்கும் தூசு நீலத்தை விழுங்கிவிடுகிறது என்று சமாளித்தேன். சரிதானே, சார்?

பலகையைப் படித்துவிட்டு ஒரு பையன் கேட்டான்: "மிஸ், மீன் சரி, கொக்கு எங்கே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

கிண்டி பேராசிரியர், ஞாயிறு காலை 9.15

தூசு பற்றிச் சொன்னது சரி.

கொக்கும் இருக்கிறது. தென்வானில் க்ரூஸ் என்றொரு விண்மீன் குழு. லத்தீனில் கொக்கு இனப் பறவையின் பெயர். அக்டோபர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னையில் தெற்கே திரும்பி நின்றால், அடிவானத்திலிருந்து உச்சிக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தெரியும். அதில் மிகப் பிரகாசமானது அல்நாயிர், சுமார் 100 ஒளியாண்டுத் தொலைவு. அதுவும் நீலம்தான், முதன்மைத் தொடர்தான்.

தாம்பரம் புலவர், ஞாயிறு காலை 9.18

முதனிரை.