மேக்ரோவுக்கு ‘ஏவற்கோவை’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

விரிதாள், ஆவணம் போன்ற கோப்புகளில் பல ஆணைகளைச் சேர்த்துவைத்து ஒரே சொடுக்கில் ஓடவிடுவதே மேக்ரோ. அதற்குத் தமிழில் ‘குறுநிரல்’ போதும் என்று சென்ற மடலில் வந்த கருத்தை ஏற்கத் தயங்குகிறேன். கிரேக்க மூலத்தில் ‘மேக்ரோ’ என்னும் சொல் நீளத்தையும் பெரிய அளவையும் குறிக்கும். இட்ட ஓர் ஆணை பல ஆணைகளாக விரிவதால்தான் கணினித் துறையில் அப்பெயர் நிலைத்தது. அதைக் ‘குறு’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும். ‘பெருமம்’ என்றாலோ கணக்குப் பாடத்தில் பெருமம், சிறுமம் படித்தவர்கள் உச்ச அளவு என்றே கொள்வார்கள்.

இந்தச் சொல்லாராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் கோத்தகிரியில் நான் கணக்கு எழுதும் தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகளின் பச்சை இலை எடையிலிருந்து மழைநாளில் ஈரத்துக்குக் கழித்து, தொகையை மேக்ரோ வழியே கூட்டித் தரும் எக்செல் விரிதாள் ஒன்று எங்களிடம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் அது மின்னஞ்சலில் வந்தபோது, பொத்தானுடன் வரும் வழக்கமான மஞ்சள் பட்டைக்குப் பதிலாக, அனுமதிப் பொத்தானே இல்லாத சிவப்புப் பட்டை தோன்றியது. இணையத்தின் வழியே வரும் கோப்பில் விண்டோஸ் ஒரு குறியை ஒட்டிவைக்கிறது. அக்குறியுள்ள கோப்பின் மேக்ரோக்களை எக்செல் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, கோப்பின் பண்புகளுக்குள் சென்று அந்த ஒரு கோப்புக்கு மட்டும் தடையை நீக்கியிருந்தால் போதும். எங்கள் இளைய கணக்கரோ அமைப்புகளுக்குள் நுழைந்து, எல்லா மேக்ரோக்களையும் அனுமதிக்கும் தெரிவையே அழுத்திவிட்டார். அன்று மாலையே அதை ‘அறிவிப்புடன் தடு’ என்ற நிலைக்குத் திருப்பினேன். எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரெஆபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை வைத்திருப்பவர்களும் மேக்ரோ பாதுகாப்பு நிலையைத் ‘தாழ்வு’க்கு இறக்கக் கூடாது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவர், “மஞ்சள் பட்டையில் எப்போதும் ‘உள்ளடக்கத்தை இயக்கு’ என்றுதானே வருகிறது? உள்ளே இருக்கிற கணக்கைக் காட்டத்தான் அனுமதி கேட்கிறது என்று நினைத்தேன்” என்றார். பிழை அவருடையது மட்டுமன்று. பிறர் எழுதிய ஆணைகள் நம் கணினியில் ஓடப்போகின்றன என்பதை ‘உள்ளடக்கம்’ என்னும் சொல் முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

ஆகவே ‘ஏவற்கோவை’ என்பதை முன்வைக்கிறேன். ஏவல் வினை என்று இலக்கணத்தில் படித்த சொல்தான். கோவை என்பது ஆணைகளின் வரிசையைச் சுட்டும். ஏவல், பில்லி, சூனியம் என்ற பேச்சு நினைவுக்கு வருமே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அதுவும் பொருத்தமாகவே படுகிறது. 1999இல் பரவிய மெலிசா என்னும் நச்சுநிரல், வேர்டு ஆவணத்துக்குள் மேக்ரோவாக ஒளிந்து வந்து, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அதை வேறு எப்படிச் சொல்வது?

பொத்தானில் ‘இயக்கு’ என்பதைவிட ‘ஏவற்கோவையை இயங்கவிடு’ என்று இருப்பது நல்லது. இசைவு தருபவர் தாமே என்பது பயனருக்கு விளங்கும். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது இளைய கணக்கர் கேட்ட முதல் கேள்வி, “யாருடைய ஏவல்?”

ஒரே ஐயம் புணர்ச்சி பற்றியது. தேடுபவர்கள் ‘ஏவல்கோவை’ என்றே தட்டச்சிடக்கூடும் என்பதால், கலைச்சொல் பட்டியலில் இரு வடிவங்களையும் சேர்க்கலாமா, அல்லது ‘ஏவல் தொடர்’ என்று பிரித்தே எழுதிவிடலாமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.