குட்டியானையில் வரும் நோயாளியை எப்படி இறக்குவது?

பாம்பன்காற்று: எங்கள் அவசரப் பிரிவுக்கு 108 இல்லாமல் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி), ஓம்னி, ஷேர் ஆட்டோவில் வருவோர் நிறைய. மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீரும் செதிலுமாக வழுக்கும். ராத்திரி ஷிப்டில் ரெண்டே பேர். கூட வந்தவர்கள் "சீக்கிரம் தூக்குங்க"ன்னு கத்துவாங்க. ஊழியருக்கு அடிபடாமல் இறக்குவது எப்படி?

மண்டபம்_வார்டு: முதலில் வண்டி, அப்புறம்தான் நோயாளி. என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை செக்யூரிட்டி வாங்கணும். பதற்றத்தில் டிரைவர் வண்டியை நகர்த்துவதுதான் பெரிய ஆபத்து. போர்டிகோ சரிவா இருந்தா டயருக்குக் கட்டை. பின்கதவை இறக்கி, ஸ்ட்ரெச்சரை அந்த மட்டத்துக்குக் கொஞ்சம் தாழ்வா வைத்து பிரேக் போடுங்க. நோயாளியை ஒருக்களித்து ஸ்பைன் போர்டை (முதுகெலும்பு அசையாமல் படுக்கவைக்கும் பலகை) அடியில் செருகி, போர்டோடு இழுங்க, தூக்கவே வேண்டாம். ஈரம் போர்டுக்கு நல்லது, நம்ம காலுக்குத்தான் எமன். ஏறி நிற்கும் இடத்தில் சாக்கு விரிங்க. ஆள் பத்தலைன்னா கூட வந்தவங்களில் ரெண்டு பேரை போர்டின் கால்பக்கம் நிறுத்துங்க. தலைப்பக்கம் நிற்பவர் மட்டும்தான் எண்ணணும். "மூணு"ன்னதும் இழுக்கணுமா, அதுக்கு அப்புறமா என்று முன்னாடியே பேசிடுங்க.

சிஸ்டர்_கீழக்கரை: கார்னா சீட்டை முழுசா பின்னால் தள்ளி, வீல்சேரை கிட்டே சாய்வா நிறுத்தி, ரெண்டு பிரேக்கும் போட்டு, கால் வைக்கும் தகடுகளை ஒதுக்கிடுங்க. அக்குளில் கைகொடுத்து இழுக்காதீங்க. உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கவும் விடாதீங்க. கால் மடிந்தால் மொத்த எடையும் உங்கள் கழுத்தில்தான். நோயாளியை ஒருத்தர் கையால் தூக்க 16 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்.ஹெச் சொல்லும் வரம்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கால் ஒன்றே கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும். விழுந்து கழுத்து வலிக்குதுன்னா காலர் (கழுத்துப் பட்டை) போட்டு, ஆள் சேர்ந்த பிறகு இறக்குங்க. மூச்சு இல்லைன்னா காத்திருக்கக் கூடாது, உடனே வெளியே எடுத்து நெஞ்சழுத்தம்.

மண்டபம்_வார்டு: சிஸ்டர் சொன்னது சரி. இன்னொன்று: பூச்சிமருந்து குடித்தவர்னா லேடெக்ஸ் கையுறை போதாது, நைட்ரைல் போடுங்க, மேலே பிளாஸ்டிக் ஏப்ரன். உடையைத் திறந்த வெளியிலேயே வெட்டி எடுத்து ரெண்டு கவரில் கட்டி, உடம்பைக் கழுவிட்டு உள்ளே கொண்டுபோங்க. ஆனா மூச்சு மோசம்னா அதை முதல்ல பாருங்க. கடல்தொழில் பார்க்கிறவங்க இடுப்பில் கத்தி இருக்கும், போர்டு செருகும் முன் தடவிப் பாருங்க. திருக்கை முள் உடம்பில் இருந்தா பிடுங்காதீங்க, மேலே துணி சுற்றி மறைச்சிட்டு நகர்த்துங்க.