1987-ல் போர் வந்திருந்தால்: செட்டிநாட்டு நினைவுகள் தேவை

குழுவில் உள்ள அண்ணன், அக்கா, ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். நாவல் ஒன்று எழுதுகிறேன், உங்கள் உதவி வேண்டும்.

1986 கடைசியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் 'பிராஸ்டாக்ஸ்' என்று நம் ராணுவம் பிரம்மாண்டமாகப் பயிற்சி நடத்தியது. தளபதி சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர். பயிற்சியா படையெடுப்பா என்று பாகிஸ்தானுக்குச் சந்தேகம். அவர்களும் படையை நகர்த்த, 1987 ஜனவரியில் நிலைமை முற்றியது. பிப்ரவரியில் பேசித் தீர்த்தார்கள்; பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்கவும் வந்துபோனார். என் கதையில் அந்தப் பேச்சுவார்த்தை முறிந்துபோகிறது.

டெல்லி, இஸ்லாமாபாத் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது நம்மூர். பொங்கல் லீவில் வந்த பட்டாளத்துக்காரரைத் தந்தி அடித்துத் திரும்பக் கூப்பிட்டார்களா? மீட்டர்கேஜ் ரயிலேற்றி அனுப்பிய அம்மாக்கள் கையில் என்ன கட்டிக்கொடுத்தார்கள்? மண்ணெண்ணெய், அரிசி வாங்கிச் சேர்த்தார்களா? 1942-ல் பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் அப்போதும் நம் வளவு வீடுகளில் இருந்தார்கள். ரேடியோவில் எல்லைச் செய்தி கேட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்; அதைக் கற்பனையில் எழுத மனசு வரவில்லை.

ராணுவ விவரம் எதுவும் வேண்டாம். பழைய கடிதம் இருந்தால் பெயர், முகவரியை மறைத்துப் படம் அனுப்புங்கள். பெரியவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதினாலும் போதும்.